மனிதத் தொடர்பாடலை விளக்கும் மாதிரிகள்: எந்த மாதிரி எந்தக் கேள்விக்கு விடை?

மனிதர்களிடையே தொடர்பாடல் எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்க ஏன் இத்தனை மாதிரிகள் இருக்கின்றன, அவற்றுள் எது சரியானது, புதியது வந்ததும் பழையது தள்ளுபடியாகிவிடுகிறதா என்று தொடர்பியல் படிக்கும் மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பாடநூல்கள் இவற்றை ஒரு வரிசையில் அடுக்குகின்றன: முதலில் ஒருவழி மாதிரிகள், பிறகு பின்னூட்டம், அதாவது கேட்பவரிடமிருந்து திரும்பி வரும் பதில், சேர்ந்த இருவழி மாதிரிகள், கடைசியில் இரு தரப்பும் ஒரே நேரத்தில் பங்கேற்கும் பரிவர்த்தனை மாதிரிகள். இந்த அடுக்கைப் பார்க்கும்போது, அறிவு படிப்படியாக வளர்ந்து இறுதியில் உண்மையைத் தொட்டுவிட்டது போன்ற எண்ணம் உண்டாகும். வரலாறு அவ்வாறு நடக்கவில்லை. இந்த மாதிரிகளை உருவாக்கியவர்கள் ஒரே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் திருத்தியவர்கள் அல்லர். ஒருவருடைய கவலை தொலைபேசித் தடத்தைப் பற்றியது. இன்னொருவருடைய கவலை போர்க்காலப் பிரசாரம். வேறு சிலர் மனநோயால் துன்பப்படும் ஒருவரின் குடும்பத்தில் நடக்கும் பேச்சை ஆராய்ந்தார்கள். எந்த மாதிரி எந்தக் கவலையிலிருந்து பிறந்தது என்று தெரிந்தால், அது எதை விளக்கும், எதைத் தொடவே தொடாது என்பதும் தெளிவாகும்.

வரையறைகளை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் இது விளங்காது. ஆகவே, ஒலிப்பதிவுகளின் துணையோடு நொடிநொடியாக ஆராயப்பட்ட ஓர் உண்மை நிகழ்வை முன்னால் வைத்துக்கொள்வோம்.

1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயின் நாட்டின் கனேரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃபில் இருந்த லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தின் ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டதில் 583 பேர் உயிரிழந்தனர். அருகிலிருந்த கிரான் கனேரியா விமான நிலையத்தில் அன்று குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இந்தச் சிறிய நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டிருந்தன. நிறுத்துமிடமும் இணைப்புப் பாதையும் நிரம்பிவிட்டமையால், புறப்பட வேண்டிய விமானங்கள் ஓடுபாதையிலேயே ஊர்ந்து மறுமுனைக்குப் போக வேண்டியிருந்தது. டச்சு நிறுவனமான கேஎல்எம்-மின் விமானம் மறுமுனைக்குச் சென்று திரும்பி நின்றது. அமெரிக்க நிறுவனமான பான் ஆம்-மின் விமானம் அதே ஓடுபாதையில் அதை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மூடுபனி இறங்கியிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்கு இரண்டு விமானங்களும் தெரியவில்லை; தரை ரேடார் வசதியும் அங்கே இல்லை. எல்லோருக்கும் இருந்த ஒரே பிடிமானம் வானொலிப் பேச்சுதான்.

கோபுரம் கேஎல்எம் விமானத்துக்கு, மேலெழுந்த பின் எந்த உயரத்துக்கு ஏற வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற வழித்தட அனுமதியைக் கொடுத்தது. அது புறப்படுவதற்கான அனுமதி ஆகாது. ஆனால் 'டேக்-ஆஃப்' என்ற சொல் அதற்குள் இருந்தது. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்" என்ற பொருள்படும்படி முடித்தார். புறப்படும் இடத்தில் தயாராகக் காத்திருக்கிறார்கள் என்று கோபுரம் புரிந்துகொண்டது. உண்மையில் விமானம் அப்போது ஓடத் தொடங்கியிருந்தது. கோபுரம் "ஓகே" என்றது. ஒரு சிறு இடைவெளிக்குப் பிறகு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்று சேர்த்துச் சொன்னது. அதே கணத்தில் பான் ஆம் விமானிகளும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று அறிவித்தார்கள். ஒரே அலைவரிசையில் இரண்டு ஒலிபரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால், கேஎல்எம் விமானிகளுக்குக் கேட்டது "ஓகே" என்ற சொல்லும் அதைத் தொடர்ந்த கீச்சொலியும்தான். சில நொடிகளில், பாதையை விட்டு விலகியதும் தெரிவியுங்கள் என்று கோபுரம் பான் ஆமிடம் சொன்னதும், தெரிவிக்கிறோம் என்று அவர்கள் பதில் சொன்னதும் கேஎல்எம் விமானிகளுக்கும் கேட்கும்படியாகவே ஒலித்தன. அதைக் கவனித்த விமானப் பொறியாளர், அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். அதன் பிறகு விபத்துதான்.

இந்த நிகழ்வைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வருவது கிளாட் ஷானனின் மாதிரி. பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஷானன், 1948 ஜூலை, அக்டோபர் மாதங்களில் அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் இரண்டு பகுதிகளாகத் தம் கட்டுரையை வெளியிட்டார். தகவல் மூலம், அனுப்பும் கருவி, தடம், தடத்தில் நுழையும் இரைச்சல், பெறும் கருவி, சேரிடம் என்று அவர் வரைந்த படம் இன்று உலகெங்கும் தொடர்பியல் வகுப்புகளின் முதல் பாடமாக இருக்கிறது. ஓரிடத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியை இன்னோரிடத்தில் துல்லியமாகவோ ஏறக்குறையவோ மீட்டெடுப்பதே அடிப்படைச் சிக்கல் என்றும், செய்தியின் பொருள் இந்தப் பொறியியல் சிக்கலோடு தொடர்பற்றது என்றும் அவர் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். அதாவது, மனிதர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை விளக்கும் எண்ணமே அவருக்கு இல்லை. அவருடைய மாதிரி பொருளைக் கவனிக்கவில்லை என்று குறை சொல்லும் பாடநூல்கள், அவர் செய்யப்போவதில்லை என்று முதலிலேயே அறிவித்த ஒன்றைச் செய்யவில்லை என்று அவரைக் கண்டிக்கின்றன. இது நியாயமன்று.

அவர் செய்தது மிகப் பெரிய காரியம். தகவலை அளக்க ஓர் அளவையைக் கொடுத்தார். வரக்கூடிய செய்திகள் எத்தனை, ஒவ்வொன்றும் வருவதற்கான நிகழ்தகவு எவ்வளவு என்பதை வைத்து, ஒரு செய்தி எவ்வளவு ஐயத்தை நீக்குகிறது என்று கணக்கிட்டார். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்கும் அளவே ஒரு பிட். எந்தத் தடத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு என்றும், அதற்குள் அடங்கும் வேகத்தில் அனுப்பினால், தகுந்த குறியாக்கத்தின், அதாவது செய்தியைக் குறியீடுகளாக மாற்றும் முறையின், உதவியால், இரைச்சல் இருந்தாலும் பிழையை நாம் விரும்பும் அளவுக்குக் குறைக்க முடியும் என்றும் நிறுவினார். இதற்குக் கைகொடுப்பது மிகுமை, அதாவது தேவைக்கு மேல் சேர்க்கப்படும் கூறு. எழுத்து ஆங்கிலத்தில் ஏறத்தாழ பாதி மிகுமை என்பது அவருடைய அப்போதைய மதிப்பீடு. ஒரு வாக்கியத்தில் சில எழுத்துகள் அழிந்தாலும் நாம் படித்துவிடுவதற்கு இதுவே காரணம். டெனெரீஃபில் ஒலித்த கீச்சொலி ஷானனின் இரைச்சலுக்கு ஓர் அப்பட்டமான எடுத்துக்காட்டு. காத்திருங்கள் என்ற ஆணை ஒரே ஒரு முறை, ஒரே தடத்தில் அனுப்பப்பட்டது. தடம் அடைபட்டபோது அதை மீட்கப் போதுமான மிகுமை இல்லை.

பிறகு எப்படி இந்தத் தொலைபேசிக் கோட்பாடு மனிதத் தொடர்பாடலின் மாதிரி ஆயிற்று? ராக்ஃபெல்லர் அறக்கட்டளையில் இயற்கை அறிவியல் பிரிவை நடத்திய வாரன் வீவர் எழுதிய நீண்ட விளக்கவுரையோடு சேர்ந்து, 1949இல் இலினாய் பல்கலைக்கழக அச்சகத்திலிருந்து இது நூலாக வந்தது. குறியீடுகள் எவ்வளவு துல்லியமாகச் சென்று சேர்கின்றன, அவை கருதிய பொருளை எவ்வளவு சரியாகக் கொண்டு செல்கின்றன, அந்தப் பொருள் பெறுபவரின் நடத்தையை எவ்வளவு மாற்றுகிறது என்று மூன்று படிகளை வீவர் வகுத்தார்; முதல் படிக்கான கணிதம் மற்ற இரண்டுக்கும் பயன்படக்கூடும் என்று நம்பிக்கையும் தெரிவித்தார். அந்த நம்பிக்கையை நிறுவப்பட்ட முடிவாகவே பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூளையே தகவல் மூலம், காதே பெறும் கருவி, எண்ணமே செய்தி என்று படத்தின் பெயர்ச்சீட்டுகள் மாற்றப்பட்டன. நம் எண்ணத்தைச் சொற்களுக்குள் பொதிந்து அனுப்ப, மறுமுனையில் இருப்பவர் அதைப் பிரித்து எடுத்துக்கொள்கிறார் என்ற படிமம், குழாய்வழியே நீர் போவதைப் போலத் தொடர்பாடலைக் காட்டுகிறது. அன்றாடப் பேச்சிலேயே இந்தப் படிமம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதையும், புரியவில்லை என்றால் அது கேட்பவரின் குறை என்ற முடிவுக்கு அது நம்மை எப்படித் தள்ளுகிறது என்பதையும் மைக்கேல் ரெடி 1979இல் விரிவாகக் காட்டினார். இந்தத் துறையில் இன்னும் நிறையப் பேர் படிக்க வேண்டிய கட்டுரை அது.

அதே 1948இல் ஹரால்டு லாஸ்வெல் வெளியிட்ட வாய்பாடு வேறொரு மண்ணில் முளைத்தது. யார், என்ன சொல்கிறார், எந்தத் தடத்தில், யாருக்கு, என்ன விளைவோடு என்ற அந்த ஐந்து கேள்விகள் அரசியல் அறிஞர் ஒருவர் கேட்டவை. முதல் உலகப் போரின் பிரசார உத்திகளைப் பற்றி 1927இலேயே நூல் எழுதியவர் அவர். வானொலிப் பிரசாரம் குறித்த அச்சம் உச்சத்தில் இருந்த 1939, 1940 ஆண்டுகளில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய ஆய்வரங்குகளில்தான் இந்த வாய்பாடு உருப்பெற்றது. ஆய்வாளர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்ள இது உதவியது: உள்ளடக்கப் பகுப்பாய்வு ஒருவருக்கு, நேயர் ஆய்வு இன்னொருவருக்கு. பேச்சு எப்படிப் புரிகிறது என்பதைப் பற்றி இது ஒன்றும் சொல்லவில்லை. டேவிட் பெர்லோ 1960இல் தந்த அனுப்புநர், செய்தி, தடம், பெறுநர் என்ற பட்டியலும் இதைப் போன்றதுதான். பயிற்சி வகுப்புகளுக்கு ஏற்றது, அதற்கு மேல் அதில் தேட வேண்டியதில்லை.

வில்பர் ஷ்ராம் இவர்களைவிடக் கூர்மையாகப் பார்த்தார் என்பது என் எண்ணம். ஷானன், வீவர் நூல் வெளிவந்தபோது இலினாய் பல்கலைக்கழக அச்சகத்தின் பொறுப்பில் இருந்தவர் இவர்தான். 1954இல் வெளியான கட்டுரையில் அவர் செய்த முக்கியமான மாற்றம், அனுப்புநருக்கும் பெறுநருக்கும் தனித்தனியே ஓர் அனுபவப் பரப்பை வரைந்ததே ஆகும். இரு பரப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிக்குள் அமையும் செய்தியே புரியும். படியும் பகுதி சிறியதானால் புரிதலும் சுருங்கும். சார்லஸ் ஆஸ்குட்டின் கருத்துகளை ஒட்டி, ஒவ்வொருவரும் குறியாக்கம் செய்பவராகவும் பொருள் கொள்பவராகவும் மாறிமாறி இயங்கும் சுழல் படத்தையும் அவர் தந்தார். நார்பர்ட் வீனர் 1948இல் தம் சைபர்நெட்டிக்ஸ் நூலில் முன்வைத்த பின்னூட்டக் கருத்து இங்கே மனிதப் பேச்சுக்குள் வந்து சேர்ந்தது. டெனெரீஃபில் கோபுரத்தில் இருந்தவரின் அனுபவப் பரப்பில், ஓடுபாதையில் இன்னொரு விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. புறப்பாட்டில் மனம் பதிந்திருந்த கேஎல்எம் தலைமை விமானியின் பரப்பில் அந்த விமானம் மங்கிப்போயிருந்தது. சொற்கள் இருவருக்கும் பொதுவாகவே இருந்தன. அவை ஊன்றி நின்ற நிலைமைதான் இரண்டாகப் பிரிந்துகிடந்தது.

ஆனால் பின்னூட்டம் என்ற அம்புக்குறியைச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. அந்த விபத்தில் பின்னூட்டம் இருந்தது. வழித்தட அனுமதி திருப்பிச் சொல்லப்பட்டது. "ஓகே" என்று ஒப்புதலும் வந்தது. பின்னூட்டமே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டபோது என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சுழல் படத்தில் விடை இல்லை.

இங்கேதான் தொடர்பியல் பாடநூல்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடும் ஒரு மரபு தேவைப்படுகிறது. அது மெய்யியலிலிருந்து வந்தது. பால் கிரைஸ் 1957இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் ஒன்றைக் கருதிச் சொல்கிறார் என்றால், தம் நோக்கத்தைக் கேட்பவர் அறிந்துகொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடு சொல்கிறார் என்று விளக்கினார். 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இதை மேலும் வளர்த்தார். பேசுவோர் ஒத்துழைக்கிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்: தேவையான அளவு சொல்வார்கள், உண்மை என்று நம்புவதையே சொல்வார்கள், பொருத்தமானதைச் சொல்வார்கள், தெளிவாகச் சொல்வார்கள். யாராவது இதை வெளிப்படையாக மீறினால், ஏதோ ஒன்றைக் குறிப்பால் உணர்த்துகிறார் என்று ஊகிக்கிறோம். மெய்யியல் வேலைக்கு விண்ணப்பித்த மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியர், அவருக்கு ஆங்கிலம் நன்றாக வரும், வகுப்புக்கு ஒழுங்காக வருவார் என்று மட்டும் எழுதினால், படிப்பவர் என்ன முடிவுக்கு வருவார் என்பது கிரைஸ் தந்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அந்த முடிவு கடிதத்தின் எந்தச் சொல்லிலும் குறியாக்கம் செய்யப்படவில்லை. படிப்பவரே அதை உருவாக்கிக்கொள்கிறார்.

டான் ஸ்பெர்பரும் டெய்ட்ரே வில்சனும் 1986இல் இதை ஒரு முழுக் கோட்பாடாக ஆக்கினார்கள். குறியீட்டு மாதிரி, ஊக மாதிரி என்று இரண்டை வேறுபடுத்தி, மனிதப் பேச்சில் குறியீடு வெறும் சான்று மட்டுமே, பொருளை எட்டுவது ஊகத்தின் வேலை என்று வாதிட்டார்கள். கேட்பவர் குறைந்த உழைப்பில் கிடைக்கும் பொருளிலிருந்து தொடங்குகிறார். எதிர்பார்த்த அளவு பயன் கிடைத்ததும் நின்றுவிடுகிறார். என் பார்வையில், ஒருவழி மாதிரிக்கும் இருவழி மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டைவிட, இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடே அடிப்படையானது. டெனெரீஃபின் "ஓகே"யை இது மிகத் துல்லியமாக விளக்குகிறது. டச்சு விமானிகளின் பணிநேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது, பனி கூடிக்கொண்டிருந்தது, எந்த நேரமும் அனுமதி வரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அந்த எதிர்பார்ப்பை "ஓகே" என்ற ஒரு சொல் நிறைவு செய்தது. ஊகம் அத்தோடு நின்றுவிட்டது. கோபுரத்தில் இருந்தவரும் இதையேதான் செய்தார்: தாம் அனுமதி கொடுக்காதபோது விமானம் ஓட முடியாது என்ற அறிவிலிருந்து, தயாராக நிற்கிறார்கள் என்ற பொருளுக்குப் போனார். இரண்டு ஊகங்களும் அவரவர் நிலையிலிருந்து அறிவுக்குப் பொருந்தியவையே.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் தொல்காப்பியச் செய்யுளியல் நினைவுக்கு வராமல் போகாது. செய்யுளின் 34 உறுப்புகளை எண்ணும் நூற்பா, மாத்திரை, எழுத்து, அசை ஆகியவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் ஆகியவற்றையும் உறுப்புகளாகச் சேர்க்கிறது. இந்த இடத்தில் இந்தச் சொல் இன்னாருக்கு இன்னார் சொல்லத்தக்கது என்ற அறிவை முன்னம் என்றும், சொல்லாலோ குறிப்பாலோ நிறைவு பெறுமாறு விடப்படுவதை எச்சம் என்றும் அது விளக்குகிறது. இது செய்யுளுக்கான இலக்கணம்; பொதுத் தொடர்பாடல் கோட்பாடு என்று இதை உயர்த்திப் பேசினால் நூலுக்கும் நீதி செய்தவர்கள் ஆகமாட்டோம். ஆனால் சொல்லப்படாததும் கேட்பவரும் இடமும் பொருளின் உறுப்புகளே என்ற தெளிவு அதில் இருக்கிறது. கிரைஸைப் பாடமாக நடத்தும் தமிழாசிரியர்கள் இந்த நூற்பாக்களையும் பக்கத்தில் வைத்து நடத்தலாம்.

ஊகம் தவறக்கூடியது என்றால், அன்றாடப் பேச்சு ஏன் இவ்வளவு நன்றாக நடக்கிறது? இதற்கு எனக்குத் தெரிந்தவற்றுள் மிகச் சிறந்த விடை உளமொழியியலாளர் ஹெர்பர்ட் கிளார்க்கின் ஆய்வுகளில் இருக்கிறது. 1986இல் அவரும் டியானா வில்க்ஸ்-கிப்ஸும் வெளியிட்ட சோதனையில், ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி அமர்ந்த இருவரிடம் டாங்கிராம் எனப்படும் விநோத வடிவங்கள் 12 கொடுக்கப்பட்டன. ஒருவர் விவரிக்க, மற்றவர் அதே வரிசையில் அடுக்க வேண்டும். இதை ஆறு முறை செய்ய வேண்டும். முதல் சுற்றில் ஒரு வடிவத்தைச் சுட்ட விவரிப்பவருக்குச் சராசரியாக 40 சொற்களுக்கு மேல் தேவைப்பட்டன. கடைசிச் சுற்றில் ஏறத்தாழ 8 போதுமாயின. இரு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு பனியில் சறுக்குபவரைப் போல இருப்பது என்று தொடங்கிய விவரிப்பு, பனிச்சறுக்கர் என்ற அளவுக்குச் சுருங்கியது. அந்தப் பெயரை ஒருவர் மட்டும் வைக்கவில்லை. ஒருவர் முன்வைக்க, மற்றவர் ஏற்க அல்லது திருத்த, இருவரும் சேர்ந்து அதை நிலைநாட்டினார்கள். சொன்னது புரிந்துவிட்டது என்ற சான்று கிடைக்கும்வரை ஒரு கூற்று முடிந்ததாக ஆகாது என்பதே கிளார்க்கின் கருத்து. இந்தப் பொதுத்தளத்தை நாம் நொடிக்கு நொடி கட்டிக்கொண்டே பேசுகிறோம்.

இயல்பான பேச்சைப் பதிவுசெய்து நுணுக்கமாக ஆராயும் உரையாடல் பகுப்பாய்வு இதை வேறொரு பக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறது. சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974இல் பேச்சுமுறை மாறும் ஒழுங்கை விவரித்தார்கள். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வில், ஒருவர் கேள்வி கேட்டு முடித்தபின் மற்றவர் விடை தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே என்று தெரிந்தது. ஒரு சொல்லைத் தேர்ந்து வாயில் கொண்டுவரவே இதைவிட அதிக நேரம் ஆகும். ஆகவே கேட்பவர், பேசுபவர் முடிப்பதற்கு முன்பே முடிவை முன்னறிந்து தம் பதிலைத் தயாரித்துவிடுகிறார். பேசுவதும் கேட்பதும் மாறிமாறி நடக்கும் இரண்டு கட்டங்கள் என்று வரைந்த எல்லாப் படங்களுக்கும் இது சவால். டீன் பார்ன்லண்ட் 1970இல் முன்வைத்த பரிவர்த்தனை மாதிரி, இருவரும் ஒரே நேரத்தில் பொருளை ஆக்குகிறார்கள் என்று சொன்னது இந்த வகையில் சரியான உணர்வு; ஆனால் அதை அளந்து காட்டும் கருவிகள் அந்த மாதிரியில் இல்லை. அதன் சுருள்களும் அம்புகளும் நிறைந்த படத்தை மனப்பாடம் செய்வதைவிட, பதிவுசெய்யப்பட்ட ஒரு நிமிட உரையாடலை எழுத்தில் பெயர்த்துப் பார்த்தால் மாணவர்கள் அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

இனி, விமானப் பொறியாளரின் கேள்விக்கு வருவோம். இரைச்சல் இல்லை, சொற்கள் தெளிவு, ஐயம் சரியான நேரத்தில் எழுப்பப்பட்டது. ஆயினும் அது பலிக்கவில்லை. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கிரெகரி பேட்சனின் வழியில் மனநோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்த பால் வாட்ஸ்லாவிக், ஜேனட் பீவின், டான் ஜாக்சன் ஆகியோர் 1967இல் எழுதியது இதற்குப் பொருந்தும். ஒவ்வொரு கூற்றுக்கும் உள்ளடக்கம் ஒன்று, உறவுநிலை ஒன்று என இரண்டு தளங்கள் உண்டு. உறவுத்தளம் உள்ளடக்கத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைத் தீர்மானிக்கிறது. தொடர்புகொள்ளாமல் இருக்கவே முடியாது, மௌனமும் ஒரு செய்தியே என்பதும் அவர்கள் சொன்னதுதான். அந்தத் தலைமை விமானி தம் நிறுவனத்தில் பிற விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பதில் முதன்மைப் பொறுப்பு வகித்தவர். அவரிடம் கேட்கும்போது ஐயம் கேள்வியாக மென்மையாகிறது. அவர் உறுதியாகச் சொன்னதும் மேற்கொண்டு வற்புறுத்த முடியாததாகிறது.

பெருந்திரள் ஊடகங்களைப் பற்றிய மாதிரிகள் இன்னொரு குடும்பம். 1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் பால் லாஸார்ஸ்ஃபெல்டும் கூட்டாளிகளும் நடத்திய ஆய்வு, ஊடகம் நேராக வாக்காளர் மனத்தை மாற்றுகிறது என்ற எண்ணத்தை அசைத்தது. செய்தி முதலில் சிலரைச் சேர்ந்து, அவர்கள் வழியாக மற்றவர்களைச் சேர்கிறது என்ற இருபடி ஓட்டக் கருத்து அங்கிருந்து வந்தது. இந்தியாவில் 1956இல் புனே வானொலி மகாராஷ்டிரக் கிராமங்களில் நடத்திய பண்ணை வானொலி மன்றச் சோதனை இதற்கு நெருக்கமானது. நிகழ்ச்சியைக் கூடிக் கேட்டு, பிறகு விவாதித்த ஊர்களில் வேளாண்மை பற்றிய அறிவு கணிசமாகக் கூடியது. மன்றம் அமைக்காமல் வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் அந்த அளவு மாற்றம் இல்லை. பேசிப் பார்க்காத செய்தி நிலைக்கவில்லை என்பதுதான் இதன் பொருள். கிளார்க் பிற்பாடு இருவருக்கு இடையே கண்டதை இது ஊர் அளவில் காட்டியது. ஸ்டூவர்ட் ஹால் 1973இல், தொலைக்காட்சிச் செய்தியை நேயர்கள் அனுப்பியவர் விரும்பியபடியோ, பேரம்பேசியோ, எதிர்த்தோ வாசிக்கலாம் என்று காட்டினார். அவரிடம் புரியாமை என்பது எப்போதும் கோளாறு அல்ல. அது அரசியல் நிலைப்பாடாகவும் இருக்கலாம். ஜேம்ஸ் கேரி 1975இல், செய்தியைக் கடத்துவதைவிட ஒரு சமூகம் தன்னைப் பேணிக்கொள்ளும் சடங்காகவே தொடர்பாடலைப் பார்க்கலாம் என்றார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாள்தோறும் வரும் காலை வணக்கப் படங்களில் ஷானனின் அளவையால் அளக்கத்தக்க தகவல் அநேகமாக இல்லை. கேரியின் பார்வையில் அவை தம் வேலையை முழுமையாகச் செய்கின்றன.

எது சரி என்ற கேள்விக்கு டெனெரீஃபுக்குப் பிந்தைய சீர்திருத்தங்களே விடை தருகின்றன. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்படும் அனுமதியைக் கொடுக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் மட்டுமே பயன்படுத்த வேண்டும், மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்' என்றே சொல்ல வேண்டும் என்று வானொலி மொழி மாற்றப்பட்டது. ஒன்றையொன்று ஒத்த குறியீடுகளை விலக்கி வைத்துப் பிழையைத் தடுப்பது ஷானன் வழிவந்த குறியாக்கச் சிந்தனை. வெறும் "ஓகே" போதாது, முக்கிய ஆணைகளைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும் என்ற விதி வலுப்பெற்றது; இது கிளார்க்கின் பொதுத்தளம். 1979இல் நாசா கூட்டிய பயிலரங்கிலிருந்து வளர்ந்த விமானக்குழுப் பயிற்சி, இளையவர் ஐயத்தை உறுதியாகச் சொல்லவும் மூத்தவர் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் பழக்குகிறது. இது வாட்ஸ்லாவிக் சுட்டிய உறவுத்தளம். மூன்றும் தேவைப்பட்டன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஈடுசெய்ய முடியவில்லை.

கிரைஸின் ஊகத்தை மட்டும் விதியால் கட்டுவது எளிதாக இருக்கவில்லை. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த அவியாங்கா விமானத்தின் குழுவினர், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள், ஆனால் 'எமர்ஜென்சி' என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. நிலைமையின் தீவிரம் கேட்பவருக்குத் தானாகப் புரியும் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். நெரிசல் மிகுந்த வானில் எல்லா விமானங்களையும் கவனித்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர்களுக்கு அது வழக்கமான செய்தியாகவே கேட்டது. 73 பேர் இறந்தார்கள். 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் 349 பேரைப் பலிகொண்ட மோதலுக்குப் பிறகும் விமானிகளின் மொழித்திறன் பற்றிய கேள்வி பெரிதாக எழுந்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் ஏற்று, 2008இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த மொழித்தகுதி விதிகள், வகுத்த தொடர்களை ஒப்பிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, எதிர்பாராத நிலைமையை எளிய பேச்சுமொழியில் விளக்கவும், ஐயத்தைக் கேட்டுத் தெளியவும் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன.